தொண்டையில் நின்ற சொல்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. ஆள் தரையில் உட்கார்ந்தால் தலை எங்கே வருமோ அந்த உயரத்தில், ஒரு சின்ன தோசை அகலத்துக்குப் பழுப்பாகப் படிந்திருக்கும். அது என் அண்ணனுடைய தலை. தினமும் மாலை ஏழு மணிக்கு குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்ததும், அவன் அந்த இடத்தில்தான் போய்ச் சாய்வான். அம்மா அவன் தலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்துவிடுவாள். அவன் சாயச் சாய அது சுவருக்குப் போயிற்று. எனக்கு அந்த மாதிரி ஒரு கறையும் கிடையாது. நான் விளக்குக்கு நேராக, பாயின் நடுவில், முதுகு நிமிர்ந்து உட்காரும் பிள்ளை. ஒழுங்காக இருப்பவர்களுக்கு வீட்டில் எந்த அடையாளமும் மிஞ்சுவதில்லை என்று இப்போது தோன்றுகிறது. கொஞ்சம் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். வேதபுத்தகத்தில் ஒரு ராஜா தன் மகனுக்குச் சொல்லும் புத்திமதிகள் முப்பத்தோரு அதிகாரங்களாக இருக்கின்றன. மாதத்தில் எந்தத் தேதியோ அந்த அதிகாரம், அதுதான் அப்பா வைத்திருந்த கணக்கு. சங்கீதமும் சுவிசேஷமும் காலையில். மாலை மட்டும் அந்த ராஜாவுக்கு. ஆளுக்கு ஒரு வசனமாக முறை வைத்து வாசிப்போம். முதல் வசனம் அப்பா, இரண்டாவது அம்மா, மூன்றாவது அண்ணன், நான்காவது நான், மறுபடியும் அப்பா. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முறை மாறாது. இதனால், எந்தத் தேதியில் யாருக்கு எந்த வசனம் விழும் என்பது எங்களுக்குச் சொல்லாமலே தெரியும். பன்னிரண்டாம் தேதி என்றால் சோம்பேறியைப் பற்றி எனக்கு ஒன்று வரும்; அதை வாசிக்கும்போது அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஐந்தாம் தேதி மூன்றாம் வசனம் அண்ணனுக்கு. பரஸ்திரீயைக் குறித்து மகனை எச்சரிக்கிற அதிகாரம் அது, அதில் அந்தச் சொல் முதலில் வருவதே அந்த வசனத்தில்தான். விவரம் தெரியாத வயதில் அண்ணன் அதை வாய்ப்பாடு மாதிரி சத்தமாக வாசிப்பான். ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு, "பரஸ்திரீன்னா யாருப்பா?" என்று கேட்டான். அம்மாவுக்கு உடனே அடுப்பில் சோறு ஞாபகம் வந்துவிட்டது, எழுந்து போய்விட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கி ஆளும் அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "வேற ஊருக்காரின்னு வச்சிக்கலே" என்றார். மறுநாள் தச்சநல்லூரிலிருந்து வழக்கமாக மோர் கொண்டுவரும் அக்கா வாசலில் வந்து நின்றபோது, அண்ணன் "அம்மா, பரஸ்திரீ வந்துருக்கா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினான். தெருவே சிரித்தது. அப்பா மட்டும் இரண்டு நாள் தெருப் பக்கம் போகாமல் கொல்லை வழியாகச் சுற்றிப் போனார்.

அந்த ராஜா ஒவ்வொரு புத்திமதிக்கும் முன்னால் "என் மகனே" என்று கூப்பிடுவார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஏழு மணிக்கு மட்டும்தான் கேட்கும். மற்ற நேரமெல்லாம் அப்பாவுக்கு அண்ணன் "ஏலே"தான். "ஏலே, சைக்கிள உள்ள எடுத்து வை." "என்னலே, மார்க்கு கொறஞ்சிருக்கு?" இந்தப் பக்கத்து அப்பாக்கள் அப்படித்தான். வெளியூர்க்காரர்களுக்கு அது அதட்டலாகக் கேட்கும். எங்களுக்கு அதிலே கோபம் எது, பிரியம் எது என்று முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும். நான் ஒருமுறை அப்பாவிடம் சண்டைக்கே போனேன்: "எப்பப் பாத்தாலும் மகனே மகனேங்காரு. மகளேன்னு ஒரு எடத்துலயாவது கூப்பிடுதாரா?" அப்பா சிரித்துவிட்டார். "கேட்டுட்டு இருக்கவள எதுக்குப் பிள்ள கூப்பிடணும்? கேக்காதவனத்தான கூப்பிட வேண்டியிருக்கு." நான் விடவில்லை. "சரி, அந்த மகன் என்ன பதில் சொன்னான்?" அப்பா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது எழுதல. கூப்பிட்டது மட்டும்தான் எழுதிருக்கு" என்றார்.

அண்ணன் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த வருஷம் அது. ஒருநாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தவன், தான் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். சைவ வேளாளர் வீட்டுப் பெண். கூடப் படித்தவள். தச்சநல்லூர். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் வேறொரு நாளாக இருந்தால் நாங்கள் எல்லாரும் சிரித்திருப்போம். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். சபையில் தலை காட்ட முடியாதே என்று அம்மா நாள் முழுக்கப் புலம்பினாள். மாலை பாய் விரிக்கும்போதுதான் எனக்கு நாட்காட்டி கண்ணில் பட்டது. ஐந்தாம் தேதி. இன்றைக்கு வேறு ஏதாவது வாசிக்கலாம் என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தேதியை மாற்றுவது அப்பாவின் அகராதியிலேயே கிடையாது. மாற்றியிருந்தாலும் அது இன்னும் பெரிய குத்தலாகத்தான் ஆகியிருக்கும்.

அப்பா முதல் வசனம் வாசித்தார். அம்மா இரண்டாவது வசனத்தை முணுமுணுத்தாள். அண்ணனின் முறை வந்தது. அவன் சுவரிலிருந்து தலையை எடுத்தான். புத்தகத்தைப் பார்த்தான். அந்த வசனம் அவனுக்குப் பார்க்காமலே தெரியும், பத்துப் பதினைந்து வருஷமாக மாதம் தவறாமல் வாசித்தது. முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தை மூடிப் பாயில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். அப்பாவும் எழுந்தார். அவர் கை மேலே போனதை நான் பார்த்தேன். ஆலயத்தில் திடப்படுத்தலின்போது ஆசீர்வதிக்கத் தலைமேல் கை வைப்பார்களே, அந்த மாதிரி அவன் தலைக்கு நேரே போனது. வாய் திறந்தது. "மகனே" என்றார். அவ்வளவுதான். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான். "இனிமே இந்த வீட்டுல என் முறைக்கு ஆள் கெடையாது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு கண்ணாடியைச் சரி செய்தது.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். திருச்செந்தூரில் அந்தப் பெண்ணின் மாமா வைத்திருந்த லாட்ஜில் அண்ணன் மேனேஜர் ஆனான். முருகன் கோவிலுக்கு வருகிற கூட்டத்துக்கு அறை கொடுப்பதும் வெந்நீர் கொடுப்பதும் அவன் வேலை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனால் அவனும் வரவில்லை, அப்பாவும் போகவில்லை. அப்பா தன்னை மிரட்டி அடிக்கக் கை ஓங்கினார் என்று அவன் ஒரு உறவுக்காரரிடம் சொன்னதாக எங்கள் காதுக்கு வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான். கூசாமல் பொய் சொல்லுகிறானே என்று எனக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

அவன் இறங்கிப் போன மறுநாள் மாலையும் பாய் விரித்தோம். அப்பா முதல் வசனம், அம்மா இரண்டாவது. நான் மூன்றாவதைத் தொடங்கப் போனேன். அப்பா விரலைத் தூக்கினார். ஒருவன் ஒரு வசனத்தை வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நான்காவது வசனத்தை வாசித்தேன். அன்றிலிருந்து அதுவே வழக்கம் ஆயிற்று. அண்ணனின் வசனங்களை எங்கள் வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. அந்த ராஜாவின் புத்திமதி எங்களுக்கு நடுவில் நடுவில் ஓட்டை விழுந்துதான் வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது, அப்பா கிழக்குச் சுவரைக் காட்டி, "அந்த எடத்த மட்டும் விட்டிரும் வே. நல்லாத்தான இருக்கு" என்பார். வெள்ளைச் சுவரின் நடுவில் பழுப்பாக ஒரு கறை இருப்பது எந்த ஊரில் நன்றாக இருக்கிறது? அடிக்கிறவர் என்னைப் பார்ப்பார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனேன். அம்மா இறந்தாள். அடக்கத்துக்கு அண்ணன் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்று ஒரு பிடி மண் போட்டான், வீட்டுக்கு வராமல் அப்படியே போய்விட்டான். அதற்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு நான் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவேன். பாயில் இரண்டே பேர். அம்மாவின் வசனங்களை நான் சேர்த்து வாசிக்க அப்பா சம்மதித்தார். அண்ணனுடையது மட்டும் அப்படியே காலி. அப்பாவின் கண்களில் புரை விழுந்து, எழுத்து மங்கிய பிறகும் தன் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலும் நைந்துகொண்டே வந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இந்த மனிதர் போய்விட்டால், அவர் காலியாக விட்டு வைத்த இடம் காலியாகவே நின்றுவிடும் அல்லவா?

ஒருநாள் ஆபீஸ் முடிந்து வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு பையன் பைக்கைக் குறுக்கே விட்டான். டவுன் பஸ் டிரைவர் பிரேக் அடித்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கையை ஓங்கிக்கொண்டு, "மகனே! வீட்டுல சொல்லிட்டு வந்தியாலே?" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏற வேண்டிய பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டேன். தெருவில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள்? இன்றைக்குத் தொலைந்தாய் என்று சொல்லும் முன்னால் வருகிற சொல் அது. சினிமாவிலும் அப்படி, டீக்கடையிலும் அப்படி. ஓங்கிய கை, "மகனே" என்று ஒரு சத்தம். அண்ணன் பொய் சொல்லவில்லை. அவன் கேட்டது அதைத்தான். அப்பா சொன்னது வேறு. பிறந்ததிலிருந்து "ஏலே" என்றே கூப்பிட்ட மகனிடம் கெஞ்சிப் பேச வேண்டிய நேரம் வந்தபோது, அதற்கு அவரிடம் ஒரு சொல்லும் இல்லை. தனக்குத் தெரிந்ததிலேயே பிரியமான சொல்லை, ஏழு மணிச் சொல்லை, எடுத்து நீட்டினார். புத்தகத்தில் "என் மகனே" என்று இருக்கும். அன்றைக்கு "என்" மட்டும் வெளியே வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் வேதத்தில் வரும் வேறொரு ராஜாவின் நினைவாகவே இருந்தது. புத்திமதி சொன்ன ராஜாவின் தகப்பன் அவர். தன்மேலேயே படையெடுத்து வந்த மகன் செத்தான் என்று கேட்டதும், மேல்வீட்டுக்கு ஏறிப் போய், "என் மகனே, என் மகனே" என்று அழுதவர். அதே சொல்தான். கேட்பதற்கு மகன் இல்லாதபோது சொன்னது. எங்கள் அப்பாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

அண்ணன் லாட்ஜ் வாசலில் ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். மொட்டை போட்ட தலைகள், சந்தனம், ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "அப்பாக்கு என்னமும் ஆயிட்டா?" என்றான். அந்த ஒரு கேள்வியே எனக்குப் போதுமாக இருந்தது. உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தான். பஸ் டிரைவர் கத்தியதையும், அன்றைக்கு அப்பா வாயில் வராமல் போன 'என்'னையும் சொன்னேன். அவன் சிரித்தான், நல்ல சிரிப்பு இல்லை. "அவரா? ஏளா, என்னைக்காவது என்னை அப்படிக் கூப்பிட்டுருக்காரா?"

"அதத்தான் சொல்லுதேன் அண்ணே. ஒருநாளும் கூப்பிட்டதில்ல. அன்னைக்குத்தான் மொதல்ல கூப்பிட்டாரு. நீ வாசல் தாண்டிட்ட."

வெளியே யாரோ அறை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று அண்ணன் கையை மட்டும் காட்டினான். அறை இருந்தது என்று எனக்குத் தெரியும், சாவிகள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் கிளம்பும்போது, "அந்த மூணாவது வசனத்த இப்ப யாரு வாசிக்கா?" என்று கேட்டான். "யாரும் வாசிக்கல" என்றேன்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, நான் பாய் விரித்துக்கொண்டிருக்கும்போது வந்தான். நான் முதலில் பார்த்தது அவனை இல்லை, நாட்காட்டியை. நல்லவேளை, மூன்றாம் தேதி. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. அண்ணன் நேரே போய்க் கிழக்குச் சுவரில் சாய்ந்தான். தலை அந்தக் கறையில் போய்ச் சரியாகப் பதிந்தது. தலையில் முடிதான் பாதியாகக் குறைந்திருந்தது. நான் ஒரு வேதபுத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அப்பா வழக்கம்போல ஜெபம் செய்தார். அதில் வந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு தன் முதல் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார். "என் மகனே" என்றுதான் அது தொடங்கும். நைந்த குரல்தான். ஆனால் "என்" நன்றாகக் கேட்டது. இரண்டாவதை நான் வாசித்தேன். மூன்றாவதற்கு வழக்கமான மௌனம் வந்தது. எனக்கு அந்த மௌனம் பழகிப்போனதுதான். அன்றைக்கு அது தாங்க முடியாமல் நீண்டது.

அண்ணன் புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டான்: "அன்னைக்கு நீங்க 'என்'னு சொல்லலியேப்பா."

அப்பா உடனே பதில் சொன்னார். இத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தவர் மாதிரி.

"சொன்னேம்லே. சத்தம்தான் வரல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கண் கலங்கி எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அப்பா "வாசி. உன் மொறதான்" என்றார். அண்ணன் வாசித்தான். திக்கித் திக்கித்தான் வாசித்தான். நான்காவது வசனத்தை நான் வாசித்தேன், ஐந்தாவதை அப்பா சொன்னார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த ராஜாவின் புத்திமதியை நாங்கள் ஓட்டையில்லாமல் முழுசாகக் கேட்டோம்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அப்பா என்னை மன்னிக்கமாட்டார். அந்தக் கல்யாணத்தில் அவருக்குக் கடைசிவரை சம்மதம் இல்லை. அதை மறைக்கவும் இல்லை. ஒருநாள் சபை மூப்பர் ஒருவர் வீடு தேடி வந்து, மகனை எப்படி உள்ளே சேர்த்தீர்கள் என்று கேட்டபோது, "எனக்குச் சம்மதமில்லதான் வே. அதுக்காவ அவன் என் மகன் இல்லன்னு ஆயிருமா?" என்றார். அண்ணன் மனைவி ஒரு கிறிஸ்துமஸுக்குப் முதல் முறையாகக் கூச்சத்தோடு வந்தாள். ஏழு மணிக்கு அவளும் பாயில் உட்கார்ந்தாள். அப்பா அவளுக்கும் ஒரு முறை ஒதுக்கினார். அன்று தேதி இருபத்தைந்து. ஐந்தாம் தேதிகளில் மட்டும் அண்ணன் அவளை அழைத்து வராமல் பார்த்துக்கொண்டான். அப்பாவுக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன், ஆனால் கேட்கவில்லை. பாதி விஷயங்களை அப்படிக் கேட்காமல் விட்டுத்தான் நாங்கள் ஒரு வீடாக இருந்தோம்.

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இது முதல் கிறிஸ்துமஸ். போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். கிழக்குச் சுவரைக் காட்டி, "எண்ணெ ஊறிட்டு அக்கா. மேல அடிச்சா நிக்காது. கொத்திட்டுப் பூசணும்" என்றார். அண்ணனும் வந்திருந்தான். "பூசச் சொல்லுளா. நாந்தான் வந்துட்டேன்ல" என்றான். நான் வெள்ளையடிப்பவரிடம், "அந்த எடத்த விட்டிருங்க அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்கு உறைத்தது.

அன்று மாலை சுண்ணாம்பு வாடை போகாத கூடத்தில் பாய் விரித்தோம். நாங்கள் இரண்டே பேர். முதல் வசனம் இனி யாருடையது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதை விட்டு வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு நானே எடுத்தேன். மகளே என்று எந்த இடத்திலும் கூப்பிடாத அந்த ராஜாவின் பக்கத்தை விரித்து, அப்பா நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, "என் மகனே" என்று வாசித்தேன். கறையில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்த அண்ணன், அப்பா கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்வது போல, "என்னப்பா" என்றான்.